பூட்டாத நூத்தி நாப்பத்தி மூணு வீடு

எனக்குக் கோவம் வந்தா முகத்துல எள்ளும் கொள்ளும் வெடிக்கும்னு எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். நகராட்சியில தண்ணி பில் கவுன்டர் என்னோடது. பில் வாங்கறது, ரசீது குடுக்கறது, மீட்டர் எண்ணைக் கம்ப்யூட்டர்ல ஏத்தறது, பதினாலு வருஷமா இதான் பொழப்பு. வரிசையைத் தாண்டி வர்றவன் கவுன்சிலரோட மச்சானா இருந்தாலும் சரி, "பின்னால போய் நில்லுங்க"தான். அப்படிப்பட்டவ இன்னிக்கு எங்க அண்ணியைப் பத்திச் சொல்ல உக்காந்திருக்கேன். யார் மேலடி உனக்கு இவ்வளவு கோவம்னு நடுவுல கேக்காதீங்க. வரிசையா வரும்.

அண்ணின்னா என் கூடப்பொறந்த அண்ணனோட பொண்டாட்டி. அவங்களும் அதே தண்ணிப் பிரிவுதான். நான் ஃபேனுக்குக் கீழ, அவங்க வெயில்ல. பதினோரு வருஷமா மீட்டர் ரீடர். எங்கப்பா வேலையில இருக்கும்போதே போய்ட்டதால எனக்கு வாரிசு வேலை, நிரந்தரம். அண்ணிக்கு ஒப்பந்தம். வருஷா வருஷம் மேஜைக்கு மேஜை பல்லைக் காட்டி, இன்னும் ஒரு வருஷம்னு கையெழுத்து வாங்கிட்டு வரணும்.

அண்ணன் பிளம்பர். மாடியில தண்ணித் தொட்டி மாட்டும்போது விழுந்து முதுகு போச்சு. அதுலேர்ந்து வீட்ல அடுப்பு அவன் கையில, சம்பளம் எங்க ரெண்டு பேரு கையில. நான் கல்யாணம் கட்டி, அது சரிப்படாம, பொட்டியைத் தூக்கிட்டு அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்தவ. வந்த அன்னிக்கு அண்ணி ஏன் வந்தேன்னும் கேக்கல, எப்பப் போவேன்னும் கேக்கல. "அந்த ரூம்ல ஃபேன் கடகடன்னு சத்தம் போடும், தூக்கம் வருமா உனக்கு?"ன்னு மட்டும் கேட்டாங்க. நாத்தனாரும் அண்ணியும் ஒரே வீடு, ஒரே ஆபீஸ், ஒரே பாத்ரூம். சண்டை வராமயா இருக்கும்? வரும். நான் போடுவேன், அவங்க கேட்டுக்குவாங்க.

மீட்டர் ரீடர்னா ஏதோ நோட்டைத் தூக்கிட்டு உலாத்தற வேலைன்னு ஆபீஸ்ல பாதிப் பேருக்கு நெனப்பு. ஒரு நாள் அண்ணி கூடப் போனேன், மத்தியானமே கால் கழண்டு போச்சு. வாசலுக்குப் பக்கத்துல ஒரு குழி, அதுக்கு மேல துருப்பிடிச்ச இரும்பு மூடி. கம்பியை விட்டு நெம்பினா உள்ள சேறு, நத்தை, சில வீட்ல தவளை. அண்ணி தவளைகிட்ட, "கொஞ்சம் தள்ளிக்கோப்பா, வேலையிருக்கு"ம்பாங்க. கட்டை விரலால மீட்டர் கண்ணாடியைத் தொடைச்சு, குப்புறப் படுக்காத குறையாக் குனிஞ்சு, தலைகீழாத் தெரியற எண்ணைப் படிப்பாங்க. கறுப்பு எண்ணை மட்டும்தான் எடுக்கணும், சிவப்பு எண்ணை விட்டுடணும். புதுசா வர்ற ரீடருங்க சிவப்பையும் சேத்து எழுதிட்டு வந்து என் உயிரை வாங்குவாங்க. பதினோரு வருஷத்துல அண்ணி நோட்டுல அந்தத் தப்பை நான் ஒரு தடவை கூடப் பாத்ததில்ல.

எண்ணை வெச்சே வீட்டைப் படிச்சிடுவாங்க. "ஆறு யூனிட் கூட ஓடியிருக்கு, ஊர்லேர்ந்து யாரோ வந்து டேரா போட்டிருக்காங்க." "இந்த வீட்ல பாதியாக் கொறைஞ்சிடுச்சு, மகனும் மருமகளும் தனியாப் போயிட்டாங்க போல." யார்கிட்டயும் போய்ச் சொல்றதில்ல, என்கிட்ட மட்டும்தான். தொட்டி ஒழுகினா மட்டும் கதவைத் தட்டிச் சொல்லுவாங்க. வெயிலுக்கு யாராவது ஒரு சொம்பு தண்ணி குடுத்தா, குடிச்சிட்டு, "இதையும் உங்க கணக்குலதான் எழுதப் போறேன்"னு சிரிப்பாங்க. தெருவுல அவங்களுக்கு மீட்டரக்கான்னு பேரு.

அந்த வருஷம்தான் ஒப்பந்தக்காரங்கள்ல ஒன்பது பேரை நிரந்தரம் பண்றதுன்னு முடிவாச்சு. லிஸ்ட்ல அண்ணி ரெண்டாவது. கமிஷனர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. நிரந்தரம் ஆனா என்னென்ன கிடைக்கும்னு பாக்கறதுக்காக, எங்க பிரிவுல இருந்த தடியான விதிப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துட்டு வந்து, ஒரு வாரம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வரி வரியாப் படிச்சாங்க. "மெடிக்கல் லீவு முப்பது நாளுடி! சம்பளத்தோட!"ன்னு பரீட்சையில பாஸான பொண்ணு மாதிரி ஓடி வந்து சொன்னாங்க. நான், "லீவு எடுக்கற மூஞ்சியா இது?"ன்னு கிண்டல் பண்ணேன்.

அப்பதான் காய்ச்சல் வந்துச்சு.

உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. கடை மூடினது, பஸ் நின்னது, மூச்சு விடவே பயந்தது, எல்லாரும்தான் பட்டோம். நகராட்சியில நிரந்தர ஆளுங்களுக்கு மாஸ்க்கும் கையுறையும் குடுத்தாங்க. ஒப்பந்தக்காரங்களுக்கு அடுத்த லாட்டுல வரும்னாங்க. அந்த லாட் இன்னும் வந்துக்கிட்டே இருக்கு. எனக்குக் குடுத்ததுல பாதியை அண்ணிக்குக் குடுத்தேன். அதை ஏதோ பெரிய தர்மம் பண்ண மாதிரி நாலு பேர்கிட்ட சொல்லிக்கிட்டேன் வேற.

ரயில் பாதைக்குப் பின்னால ரெண்டு தெரு. சுவரோட சுவர் ஒட்டின வீடுங்க, மொத்தம் நூத்தி நாப்பத்தி மூணு. ஒரு வீட்ல தும்மினா அடுத்த வீட்ல கேக்கும். காய்ச்சல் அங்கதான் பூந்து விளையாடுச்சு. சுகாதாரத்துறை ஆளுங்க ரெண்டு தெரு முனையிலயும் கயிறு கட்டி, ஒவ்வொரு கதவுலயும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிட்டாங்க. மூணு மாசம் யாரும் வெளிய வரக்கூடாது, வெளியாளு யாரும் வாசல்கிட்ட போகக்கூடாது. ஆனா மாசக் கடைசியில மீட்டர் எண் மட்டும் வந்தாகணும்.

ரீடர் நோட்டுல ஒவ்வொரு வீட்டுக்கும் மூணுல ஒண்ணுதான் எழுத முடியும். எண் படிச்சாச்சு, இல்லேன்னா பூட்டியிருக்கு, இல்லேன்னா மீட்டர் பழுது. நோய் வந்து உள்ள அடைஞ்சு கெடக்கற வீட்டுக்குன்னு ஒண்ணு வேணும்னு எவனுக்கும் தோணல. என் கவுன்டர் பக்கமா வந்த சூப்பர்வைசர்கிட்ட அண்ணி கேட்டாங்க. அந்தாளுக்கு நாங்க வெச்ச பேரு சரிசரி. எதைச் சொன்னாலும் சரி சரின்னுட்டு எதையும் செய்யமாட்டாரு.

"சரி சரி, பூட்டியிருக்குன்னு போட்டுடும்மா."

"சார், உள்ள ஆளு இருக்காங்களே. மூச்சுத் திணறிக்கிட்டு இருக்காங்க. பூட்டியிருக்குன்னு எப்படி எழுதறது?"

"அது ஒரு பேச்சுக்கும்மா. சராசரி பில் போயிடும், அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்ப எழுத்துல குடுத்துடுங்க சார்."

"ஊரே செத்துக்கிட்டு இருக்கு, உனக்கு எழுத்துல வேணுமா?"

 அண்ணி சும்மா விடல. சைக்கிளை உருட்டிக்கிட்டு அந்தத் தெருவுக்குள்ள நடந்து, ஒவ்வொரு வீட்டு எதிர்லயும் தெருவோட நடுவுல நின்னு, "உள்ள எத்தனை பேரு இருக்கீங்க?"ன்னு சத்தமாக் கேட்டாங்க. ஜன்னல்லேர்ந்து பதில் வரும். "ஆறு பேரு!" "நாலு பேரு, ஒருத்தரு ஆஸ்பத்திரியில!" சில வீட்ல மூடியைத் திறந்து எண்ணைப் படிக்கவே கத்துக் குடுத்துட்டாங்க. "கறுப்பு மட்டும் சொல்லுங்கக்கா, சிவப்பு வேணாம்!" அப்படியே தெரு நடுவுல நின்னு எழுதிப்பாங்க. ரீடர் கண்ணால பாக்காத எண்ணைப் படிச்சாச்சுன்னு போடக்கூடாது, அதனால ஒரு கட்டத்துல பூட்டியிருக்கு, பக்கத்துல இருக்கற குறிப்புக் கட்டத்துல பொடி எழுத்துல, "ஸ்டிக்கர் வீடு. உள்ளே ஆறு பேர். எண் 418, அவர்களே படித்தது." நூத்தி நாப்பத்தி மூணு வீட்டுக்கும். மூணு மாசமும்.

இந்த நோட்டு எங்க வரும்? என்கிட்டதான் வரும். இதை இப்பவே சொல்லிடறேன், அப்புறம் மறைச்சிட்டேன்னு சொல்லாதீங்க. கம்ப்யூட்டர்ல குறிப்பு ஏத்தறதுக்கு இடம் இருக்கு. தனியா ஒரு பொத்தானை அமுக்கினா இன்னொரு பக்கம் திறக்கும். திறக்கறதுக்குள்ள ஒரு வட்டம் சுத்து சுத்துன்னு சுத்தும், ஒரு டீ குடிச்சிட்டு வந்துடலாம். மொத்தம் நாலாயிரத்துச் சொச்சம் வீடு, ஆபீஸ்ல பாதி ஆளு லீவு. நான் குறிப்பை விட்டுட்டு, பூட்டியிருக்கு, பூட்டியிருக்கு, பூட்டியிருக்குன்னு தட்டிக்கிட்டே போனேன்.

முதல் மாசமே அண்ணி கேட்டாங்க. "குறிப்பையும் ஏத்திட்ட இல்ல?"

"ஆங் ஆங்"னேன்.

அவ்வளவுதான். அந்த ஆங்குக்கு இன்னிக்கு வரைக்கும் எனக்கு வயிறு எரியுது.

காய்ச்சல் கொஞ்சம் அடங்கினதும் நகராட்சிக்கு ஞானோதயம் வந்துச்சு. மக்கள் துயர் துடைக்க மூணு மாசத் தண்ணி பில் முழுசும் தள்ளுபடின்னு தீர்மானம். தலைவர் கைகூப்பற பேனர் மூலைக்கு மூலை. ஒலிபெருக்கி வேன் ஒண்ணு நாள் முழுக்கக் கத்திக்கிட்டே சுத்துச்சு. நல்ல காரியம்தான், நான் இல்லேன்னு சொல்லல. பாதி ஊருக்கு வேலையில்ல, தண்ணி பில் எங்கேர்ந்து கட்டறது? ஆனா தீர்மானத்துக்கு அடியில பொடி எழுத்துல ஒரு வரி. குடியிருக்கற வீட்டுக்கு மட்டும்தான் தள்ளுபடி. தொடர்ந்து ரெண்டு மாசத்துக்கு மேல பூட்டியிருந்த வீட்ல ஆளே இல்லேன்னு அர்த்தம், அதனால தள்ளுபடி கிடையாது, தண்ணி வீணாகாம இருக்க இணைப்பை வெட்டிடலாம்.

விளங்குச்சா? ஊர்லயே அதிகமா நொந்து போனது எந்த ரெண்டு தெருவோ, அந்த ரெண்டு தெருவுக்கு மட்டும் இல்ல. வசதியான காலனிக்காரனுக்கெல்லாம் தள்ளுபடி. நூத்தி நாப்பத்தி மூணு வீட்டுக்கு, பத்தாந்தேதி தண்ணியை வெட்டறோம்னு நோட்டீஸ். அத்தனை நோட்டீஸும் என் கம்ப்யூட்டர்லேர்ந்து, என் பிரிண்டர்லேர்ந்து போனது. கட்டு கட்டா எடுத்து அடுக்கும்போது கூட எனக்கு உறைக்கல.

ஏழாந்தேதி காலையில அந்தத் தெருவுலேர்ந்து ஒருத்தர் வந்தாரு. ரிட்டையர் ஆன பஸ் டிரைவர், எல்லாரும் டிரைவரய்யான்னுதான் கூப்பிடுவாங்க. வரிசையில ஒழுங்கா நின்னு, முறை வந்ததும் நோட்டீஸைக் கண்ணாடி ஓட்டை வழியா உள்ள தள்ளினாரு.

"அம்மா, இந்த வீட்ல யாரும் இல்லேன்னு போட்டிருக்கு."

"கம்ப்யூட்டர்ல அப்படித்தாங்க இருக்கு."

"சரிம்மா. அப்ப அந்த வீட்ல செத்துப்போனது யாரு?"

சத்தமாக் கூடக் கேக்கல. நிஜமாவே பதில் தெரிஞ்சுக்க வந்த மாதிரி கேட்டாரு. அவரோட சம்சாரம் ரெண்டாவது மாசம் போயிட்டாங்க. வீட்ல பொண்ணு, மருமகன், கைக்குழந்தை. பத்தாந்தேதிக்கு மேல குழந்தைத் துணியை அலசக் கூடத் தண்ணி இருக்காது. பதினாலு வருஷமா எவனுக்கும் சளைக்காம பதில் சொன்னவ நான், "கொஞ்சம் இருங்க"ன்னு எழுந்து பின்னாடி போயிட்டேன்.

அதுக்குள்ள அண்ணிக்குச் சேதி தெரிஞ்சிடுச்சு. மூணு மாச நோட்டையும் அக்குள்ல இடுக்கிக்கிட்டு, டிரைவரய்யாவையும் கூட்டிக்கிட்டு, நேரா பிரிவு அதிகாரி ரூமுக்குள்ள பூந்துட்டாங்க. அவருக்கு நாங்க வெச்ச பேரு விதிப்படி. விதிப்படி, விதிப்படின்னு சொல்லாம அவருக்கு டீ கூட இறங்காது. சரிசரியும் அங்க இருந்தாரு. நானும் பின்னாலயே போனேன்.

அண்ணி நோட்டை மேஜையில விரிச்சாங்க. "பாருங்க சார். ஒரு வீடு கூட பூட்டின வீடு இல்ல. இதோ இவரு வீடு. மொத மாசம், ஸ்டிக்கர் வீடு, உள்ளே ஐந்து பேர். ரெண்டாவது மாசம், உள்ளே..." அங்க நிறுத்திட்டாங்க.

"படிங்கம்மா"ன்னாரு டிரைவரய்யா.

"உள்ளே நான்கு பேர்."

 விதிப்படி நோட்டைப் பொரட்டிப் பாத்தாரு. "குறிப்பு கம்ப்யூட்டர்ல இல்லையேம்மா"ன்னாரு.

அண்ணி திரும்பி என்னைப் பாத்தாங்க. ஒரே ஒரு தடவை. நான் மேஜைக் காலைப் பாத்தேன். அண்ணி திரும்பிக்கிட்டாங்க.

"பூட்டியிருக்குன்னு ஏன் எழுதுனே?"ன்னு கேட்டாரு விதிப்படி.

"சூப்பர்வைசர் சார் சொன்னாரு."

"நானா? நான் எங்கம்மா அப்படிச் சொன்னேன்?"னு சரிசரி கையை விரிச்சாரு.

எனக்கு எங்கேர்ந்துதான் வந்துச்சோ. "நாக்கு கூசல உங்களுக்கு? என் கவுன்டருக்குப் பக்கத்துல நின்னுதானே சொன்னீங்க? எழுத்துல குடுங்கன்னு கேட்டதுக்கு ஊரே சாகுதுன்னு சொன்னது யாரு, உங்க தாத்தாவா?"ன்னு கத்தினேன். வெளிய வரிசையில நின்னவங்கெல்லாம் எட்டிப் பாத்தாங்க. அந்தாளு பொய்யை எடுத்து அந்தாளு மூஞ்சியிலயே அடிச்சேன். என்னோடதை மட்டும் பத்திரமா வாய்க்குள்ளயே வெச்சுக்கிட்டேன். சத்தம் போடறவ உண்மையைச் சொல்றவன்னு எல்லாரும் நெனச்சுக்கறாங்க பாருங்க, அதுதான் எங்களை மாதிரி ஆளுங்களுக்கு வசதி.

விதிப்படி ஒரு வழி சொன்னாரு. பதிவைத் திருத்தலாம். திருத்திட்டா தள்ளுபடி தானாக் கிடைச்சிடும், தண்ணியும் வெட்டமாட்டாங்க. ஆனா வீட்டுக்கு ஒரு படிவம், அதுல தப்பு யாரோடதுன்னு காரணம் போட்டாகணும். கம்ப்யூட்டர்ல மூணு காரணம்தான் இருக்கு. ஒண்ணு, ரீடர் தவறு. ரெண்டு, மீட்டர் பழுது. மூணு, பதிவு செய்தவர் தவறு. யார் தப்போ அவங்க கையெழுத்துப் போடணும். மேலதிகாரி வாயால சொல்லிட்டுக் கையைக் கழுவினதுன்னு நாலாவது ஒண்ணு கிடையாது. எவன் எழுதின கம்ப்யூட்டரோ, அவன் வாழ்க்கையில ஒரு அதிகாரியைக் கூடப் பாத்திருக்கமாட்டான்.

"ஒருத்தர் பேர்ல வருஷத்துல பத்துக்கு மேல ஏறினா வேலைக்கே சிக்கல். விதிப்படி நடவடிக்கை வரும். யோசிச்சுக்கங்க. பத்தாந்தேதி ஆளுங்க வெட்ட வந்துடுவாங்க"ன்னாரு.

அண்ணி யோசிக்கல. "படிவத்தைக் குடுங்க சார்"னாங்க.  நிரந்தர லிஸ்ட்ல ரெண்டாவது பேரு. பதினோரு வருஷத்து வெயில்.

மறுநாள் சனிக்கிழமை, மத்தியானத்தோட ஆபீஸ் முடிஞ்சு எல்லாரும் போயிட்டாங்க. நானும் அண்ணியும் மட்டும். என் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்தாங்க. நோட்டைப் பாத்து வீட்டு எண்ணைச் சொல்லணும், நான் பதிவைத் திறக்கணும், காரணம் கேக்கும், நம்பரை அமுக்கணும், படிவம் வெளிய வரும், கையெழுத்து.

முதல் வீடு வந்துச்சு. காரணம்னு ஒரு கட்டம், உள்ள கோடு மின்னி மின்னி எரியுது. நான் அண்ணியைப் பாத்தேன்.

"அண்ணி, எந்த நம்பரு?"

அண்ணி நோட்டுலேர்ந்து தலையைத் தூக்கல. "நீதானே அமுக்கறே. பாத்து அமுக்கு"ன்னாங்க.

எனக்குள்ள என்னென்னவோ ஓடுச்சு. மூணை அமுக்கினா என் கையெழுத்து. என் வேலை போகும். அண்ணியும் பூட்டியிருக்குன்னு எழுதினவங்கதானே, அவங்களையும் சேத்துத் தூக்கிடுவாங்க. ரெண்டு சம்பளமும் போனா அண்ணன் முதுகுக்கு யாரு மருந்து வாங்கறது? ஒருத்தராவது நிக்கணும். எப்படி ஒரு நியாயம் பாத்தீங்களா? நாலு செகண்டுல கட்டிட்டேன்.

ஒண்ணை அமுக்கினேன்.

படிவம் வந்துச்சு. ரீடர் தவறுன்னு அச்சாகியிருந்ததை அண்ணி ஒரு தடவை படிச்சாங்க. பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாங்க. "அடுத்தது, ரெண்டாம் எண் வீடு"ன்னாங்க. குரல்ல ஒரு மாத்தமும் இல்ல.

நூத்தி நாப்பத்தி மூணு தடவை. நடுவுல நான் அழுதேன் வேற. அண்ணி எழுந்து போய்த் தண்ணி புடிச்சிட்டு வந்து குடுத்தாங்க. குடிச்சிட்டு மறுபடி ஒண்ணையே அமுக்கினேன். டிரைவரய்யா வீடு வந்தப்போ கை கொஞ்சம் நின்னுச்சு. அதுக்கும் ஒண்ணுதான். முடிக்கறப்போ சாயங்காலம் ஆயிடுச்சு. வீட்டுக்குப் போற வழியில, "மூணை அமுக்கியிருந்தா ரெண்டு பேரு வேலையும் போயிருக்கும் அண்ணி"ன்னேன். "ம்"னாங்க.

பத்தாந்தேதி தண்ணி வெட்ட யாரும் வரல. இருபதாந்தேதி தலைவர் வந்து அந்தத் தெருவுலயே ஷாமியானா போட்டு, தள்ளுபடிக் கடிதத்தை அவர் கையால குடுத்து போட்டோ எடுத்துக்கிட்டாரு. மைக்குல, "ஒரு பெண் ஊழியரின் கவனக்குறைவால் ஏற்பட்ட தவறு உடனடியாகச் சரிசெய்யப்பட்டது"ன்னாரு. சரிசரி பக்கத்துல நின்னு கைதட்டினாரு. அந்தக் கையை ஒடிக்க எனக்கு ஆத்திரம் வந்துச்சு, ஆனா யாரு கையை மொதல்ல ஒடிக்கணும்னு எனக்கே தெரியும். தெருவுல சில பேரு, "இந்த மீட்டரக்காவா நம்மளை இல்லேன்னு எழுதினது? நம்பினோமே!"ன்னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க. டிரைவரய்யா மட்டும் அவங்களோட சண்டைக்குப் போனாருன்னு கேள்வி. அடுத்த வாரம் அண்ணிக்கு ஆர்டர் வந்துச்சு. நூத்தி நாப்பத்தி மூணு தவறுகள், ஒப்பந்தம் ரத்து, நிரந்தர லிஸ்ட்லேர்ந்து பேரு நீக்கம். ரெண்டாவது இடத்துக்கு மூணாவது ஆளு ஏறிட்டாரு.

அண்ணி வீட்ல ஒரு மாசம் இருந்தாங்க. அப்புறம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில சலவைப் பிரிவுல வேலை கிடைச்சுது. பெட்ஷீட்டை எண்ணி உள்ள வாங்கறது, எண்ணி வெளிய குடுக்கறது. நாள் முழுக்க நின்னுக்கிட்டே. கால் வீங்கிப் போய் வருவாங்க. "எண்ணற வேலை என்னை விடமாட்டேங்குதுடி"ன்னு சிரிப்பாங்க. எனக்குச் சிரிப்பு வராது. அண்ணன்கிட்ட நான் எதையும் சொல்லல. அவங்களும் சொல்லல.

ஆறு மாசம் போச்சு. எனக்குப் பதவி உயர்வுப் பரீட்சை வந்துச்சு. அதுக்கு அதே தடியான விதிப் புத்தகத்தைப் படிக்கணும். ஞாயித்துக்கிழமை காலையில உக்காந்து பொரட்டிக்கிட்டே வர்றேன், தண்டனைப் பகுதி. வருஷத்துல பத்துக்கு மேல பதிவுத் தவறு செஞ்சா, ஒப்பந்த ஊழியருக்கு ஒப்பந்தம் ரத்து. நிரந்தர ஊழியருக்கு ரெண்டு வருஷச் சம்பள உயர்வு நிறுத்தம். அவ்வளவுதான். வேலை போகாது. இடமாத்தம் கூடக் கிடையாது. அதுக்குக் கீழயே இன்னொரு வரி. திருத்தப் படிவத்துல யார் பேரு ஏறுதோ, நடவடிக்கை அவங்க மேல மட்டும்தான்.

நான் மூணை அமுக்கியிருந்தா ரெண்டு பேரும் இன்னிக்கு வேலையில இருந்திருப்போம்.

மத்தியானம் அண்ணி தட்டு வெச்சு சோறு போட்டுக்கிட்டு இருந்தாங்க. அண்ணன் கடைக்குப் போயிருந்தான். நான் புத்தகத்தைத் தூக்கிட்டு வந்து, அதே என் பழைய கோவத்தோட கத்தினேன். "பாத்தீங்களா அண்ணி இந்தப் பாவிங்களை! நிரந்தர ஆளுக்கு வெறும் ரெண்டு வருஷ இன்க்ரிமென்ட்டுதானாம்! அந்த விதிப்படி அன்னிக்கு ஒரு வார்த்தை சொன்னானா? வேலைக்கே சிக்கல், வேலைக்கே சிக்கல்னு பொதுவா உளறிட்டுப் போயிட்டானே! உங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியும்"னாங்க அண்ணி.

கரண்டியில சோறு. கை நிக்கவே இல்ல.

"எப்பலேர்ந்து?"

"நிரந்தரம் ஆகப்போகுதுன்னு புத்தகம் முழுக்கப் படிச்சேனே. அப்பவே."

"தெரிஞ்சா அந்தச் சனிக்கிழமை ஏன் சொல்லல? ஸ்டூல்ல பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அண்ணி என் தட்டுல சோத்தை வெச்சிட்டு, கரண்டியைப் பாத்திரத்துல போட்டாங்க. அப்புறம்தான் என்னைப் பாத்தாங்க.

"பதினாலு வருஷமா அந்த ஆபீஸ்ல இருக்கே. உனக்கும் தெரியும்னு நெனச்சேன்."

நான் புத்தகத்தைப் பிடிச்சபடியே நின்னேன்.  நான் தெரிஞ்சேதான் அமுக்கினேன்னு நெனச்சுக்கிட்டு, ஆறு மாசமா, ஒரு வேளை தவறாம எனக்குச் சோறு போட்டிருக்காங்க.